ரைலை எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது?

என்னிடம் வந்த கேள்வி இது: "ஜே. சி. ரைல் என்ற பழைய ஆங்கிலேயப் போதகரைப் பிரசங்கங்களில் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 150 வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம் எனக்குப் புரியுமா? அவர் எழுத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: புரியும். ஆங்கிலச் செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசிக்கிறவருக்கு ரைல் புரிவார். அந்தக் காலத்து ஆங்கிலப் பிரசங்கப் புத்தகம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள், ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும், எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலையைத் தேடிப் போவதற்குள் விஷயம் மறந்துவிடும். ரைலிடம் அந்தத் தொல்லை கிடையாது. இத்தனைக்கும் அவர் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர், முதல் வகுப்பில் தேறியவர். அப்படிப்பட்டவருக்கு எளிய நடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜான் சார்ல்ஸ் ரைல் 1816 மே 10 அன்று இங்கிலாந்தின் செஷயரில் உள்ள மேக்கிள்ஸ்பீல்டில் பிறந்தார். பட்டுத் தொழிலில் சேர்ந்த குடும்பச் சொத்து. அப்பா வங்கி நடத்தினார், அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ரைல்தான் மூத்த மகன். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர், ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் அணித்தலைவர். அப்பாவைப் போல நாடாளுமன்றத்துக்குப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவர் மனந்திரும்பிய கதையாக ஒன்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1837ல் ஆக்ஸ்போர்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறார். அங்கே ஒருவர் எபேசியர் 2:8ஐ நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொற்றொடருக்கும் இடைவெளி விட்டு வாசிக்கிறார். "கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அந்த வாசிப்பு இவரை உடைத்துவிட்டது என்பது கதை. அழகான கதைதான். ஆனால் ரைல் பிற்காலத்தில் தன் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த சுயசரிதையில் தன் மாற்றம் சட்டென்று நடக்கவில்லை, படிப்படியாக நடந்தது, இன்ன ஆள் என்றோ இன்ன சம்பவம் என்றோ ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது என்கிறார். பரீட்சைக்கு முன்னால் வந்த கடுமையான நோய், அப்போது தொடங்கிய வேத வாசிப்பு, ஜெபம், சில நண்பர்கள், சில புத்தகங்கள், எல்லாம் சேர்ந்துதான். இந்த வித்தியாசத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் தனக்குப் பளிச்சென்று ஒரு நாள், ஒரு நேரம் சொல்ல முடியவில்லையே என்று வருத்தப்படுகிற விசுவாசிகளுக்கு ரைல் நல்ல துணை. அவருக்கே அப்படி ஒரு தேதி இல்லை.

அப்புறம் 1841 ஜூன். அப்பாவின் வங்கி விழுந்தது. காலையில் எழுந்தபோது உலகமே கையில் இருந்தது, இரவு படுக்கப் போகும்போது ஒன்றுமே இல்லை என்று அந்த நாளைப் பற்றி எழுதுகிறார். வீடு, நிலம், குதிரைகள், எதிர்காலம், எல்லாம் போயிற்று. அன்றைக்கு மட்டும் தான் கிறிஸ்தவனாக இல்லாதிருந்தால் தற்கொலை செய்துகொண்டிருப்பேனோ என்னவோ என்கிறார். 32 வருஷம் கழித்து எழுதும்போதும், ஹென்பரி என்ற அந்தக் குடும்பப் பண்ணையை விட்டு வெளியேறிய அவமானம் குத்தாத நாள் ஒன்றுகூட இல்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். "எல்லாம் நன்மைக்கே" என்று தேன் தடவி முடித்துவிடவில்லை பாருங்கள், வலித்தது, இன்னும் வலிக்கிறது, ஆனாலும் கர்த்தர் செய்தது சரி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அந்த நேர்மைதான் அவர் புத்தகங்கள் முழுக்க ஓடுகிறது.

போதகரானதும் வேறு வழி தெரியாமல்தான். ஊழிய அழைப்பைப் பற்றி நம்மூரில் எத்தனையோ சாட்சிகள் கேட்டிருப்போம், தரிசனம், சத்தம், கண்ணீர் என்று. ரைல் சொன்னது, எனக்கு வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை, அதனால் குருவானேன் என்பதுதான். அதே வருஷக் கடைசியில் குருப்பட்டம். நியூ பாரஸ்ட் காட்டுப் பகுதியில் எக்ஸ்பரி என்ற இடத்தில் உதவி குரு, பிறகு கொஞ்ச காலம் வின்செஸ்டர், 1844ல் சபோக் மாவட்டத்தில் ஹெல்மிங்ஹாம். சுமார் 300 பேர் உள்ள ஒரு கிராமச் சேகரம். 17 வருஷம் அங்கே. பிறகு 1861ல் ஸ்ட்ராட்புரோக், இன்னொரு 19 வருஷம். ஆக, ரைலின் நல்ல எழுத்தில் பெரும்பகுதி வயல்காட்டுக் கிராமங்களில் எழுதப்பட்டது.

இப்போது நடைக்கு வருகிறேன். முன்னால் உட்கார்ந்திருந்தது பண்ணைக் கூலிகள். வாரம் முழுக்க வயலில் உழைத்துவிட்டு ஞாயிறு மதியம் கண்ணைச் சொருகிக்கொண்டு இருக்கிறவர்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கிலம் அவர்கள் தலைக்கு மேலே போவதைப் பார்த்தவர், தன் நடையைச் சிலுவையில் அறைந்தேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் பிஷப் ஆன பிறகு, பிரசங்கத்தில் எளிமை என்ற தலைப்பில் குருமாருக்கு ஒரு உரை ஆற்றினார். அதில் அவர் கொடுத்த ஆலோசனைகள் இன்றைக்கு எழுதுகிற யாருக்கும் பயன்படும். சொல்லப்போகும் விஷயம் முதலில் உனக்குத் தெளிவாக இருக்கட்டும், எளிய சொல்லை எடு, அரைப்புள்ளி முக்காற்புள்ளி எல்லாம் வேண்டாம், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போதும், ஆஸ்துமாக்காரன் மூச்சு வாங்குவது போல எழுது என்கிறார். ஆஸ்துமாக்காரன் போல! ஒரு பிஷப் குருமாருக்குச் சொல்கிற உவமையா இது என்று முதலில் படித்தபோது சிரித்தேன். அடுத்து, 'நாம்' என்று பொதுவாகப் பேசாதே, 'நான்', 'நீ' என்று நேராகப் பேசு என்கிறார். கடைசியாக, உதாரணம் நிறையச் சொல், காதைக் கண்ணாக மாற்றத் தெரிந்தவனே நல்ல பேச்சாளன் என்று ஒரு அரபுப் பழமொழியையும் எடுத்து வைக்கிறார்.

அந்த 'நீ'தான் ரைல். மற்றவர்கள் ஜெபத்தைப் பற்றி எழுதுவார்கள். ரைல் "நீ ஜெபிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜெபத்துக்கான அழைப்பு (A Call to Prayer) என்ற அந்தச் சிறு நூல் முழுக்க இந்த ஒரே கேள்விதான், விதவிதமாக. ஆலயத்துக்குப் போகிறாயா என்பதில்லை கேள்வி, குடும்ப ஜெபத்தில் உட்காருகிறாயா என்பதும் இல்லை, தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் நீ ஜெபிக்கிறாயா? ஜெபமும் பாவமும் ஒரே இருதயத்தில் சேர்ந்து குடியிருக்க முடியாது, ஒன்று ஜெபம் பாவத்தை எரித்துவிடும், இல்லாவிட்டால் பாவம் ஜெபத்தின் கழுத்தை நெரித்துவிடும் என்று அதில் ஒரு வரி வருகிறது. படித்து முடித்துப் பல வருஷம் கழித்தும் என்னை விடாத வரி அது.

அந்த நூல் முதலில் கைப்பிரதியாக வந்தது. இன்று கைப்பிரதி என்றால் பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கிற, நாலு படி இறங்குவதற்குள் கீழே போட்டுவிடுகிற தாள்தான் நினைவுக்கு வரும். விக்டோரியா காலத்தில் கதை வேறு. புத்தகம் வாங்க வசதியில்லாத, ஆனால் புதிதாக எழுத்துக் கற்ற ஒரு பெரிய கூட்டம் இருந்தது. இப்ஸ்விச் நகரத்து வில்லியம் ஹன்ட் என்ற பதிப்பாளர் ரைலின் கைப்பிரதிகளை அச்சடித்துத் தள்ளினார். அவை லட்சக்கணக்கில் போயின, பல மொழிகளுக்கும் போயின. தலைப்புகளைப் பாருங்கள்: உயிரோடிருக்கிறாயா, செத்திருக்கிறாயா? கோதுமையா, பதரா? மன்னிப்புப் பெற்றாயா? எல்லாம் கேள்விகள். தொடக்க காலக் கைப்பிரதிகளில் ஒன்று ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1845 மே மாதம் கிரேட் யார்மத்தில், வாத்துகள் இழுக்கும் தொட்டியில் ஒரு சர்க்கஸ் கோமாளி ஆற்றில் வருவதைப் பார்க்கத் தொங்குபாலத்தில் கூட்டம் ஏறியது, பாலம் அறுந்தது, சுமார் 80 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு பிள்ளைகள். எல்லார் மனதும் கலங்கியிருந்த நேரத்தில் ரைல் எழுதினார். இதை வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது என்று சிலர் சொல்லலாம். சவ அடக்கத்தில் போதகர் பேசாமல் யார் பேசுவது என்பது என் எண்ணம்.

இதே வரிசையில் பெற்றோரின் கடமைகள் என்று ஒன்று உண்டு. 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து' என்ற நீதிமொழி வசனத்தை வைத்து 17 ஆலோசனைகள். கண்டிப்பு அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் அன்பு என்ற வெள்ளிச் சரடு எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்கிற மனிதரைத்தான் சந்திப்பீர்கள். கண்டிப்பும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் உடம்புக்கும் முன்னால் ஆத்துமாவை நினை என்கிற பகுதியை, பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தால் ஞாயிறு பள்ளியை முதலில் வெட்டுகிற நம் வீடுகளில் சத்தமாக வாசிக்கலாம்.

சரி, பெரிய புத்தகங்கள். இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது சுவிசேஷங்கள் மீதான விளக்கச் சிந்தனைகள் (Expository Thoughts on the Gospels). மத்தேயு 1856, மாற்கு 1857, லூக்கா இரண்டு தொகுதிகளாக அடுத்த இரண்டு வருஷங்களில், யோவான் மூன்று தொகுதிகளாக 1865லிருந்து 1873 வரை. மொத்தம் ஏழு. இதை வேத வியாக்கியானம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவதுண்டு. அவர் இதை முதன்மையாகக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிப்பதற்காக எழுதினார். வியாதியஸ்தரையும் ஏழைகளையும் பார்க்கப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போய் வாசித்துக்காட்டவும், தனித் தியானத்துக்கும் உதவும் என்றார். அதனால் ஒரு பகுதி என்பது பத்துப் பன்னிரண்டு வசனங்கள், அதிலிருந்து எடுப்பது இரண்டு, மூன்று, நான்கு விஷயங்கள், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வாசித்து முடித்துவிடலாம். தாத்தாவும் சமையல்காரரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற ஒரு கூடத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த வாக்கியங்கள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன, ஏன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறார் என்பதெல்லாம் விளங்கும். அது காதுக்கு எழுதப்பட்ட எழுத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் வந்த அந்த வருஷங்களில் ரைலின் வீடு எப்படி இருந்தது தெரியுமா? முதல் மனைவி கல்யாணமான சில வருஷங்களிலேயே ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துவிட்டார். இரண்டாவது மனைவி ஜெஸ்ஸி தொடர்ந்து நோயாளி. 1860ல் அவரும் இறந்தார், கையில் ஐந்து பிள்ளைகள். மனைவியின் நோய்க் காலத்தில் வெளியூரில் இரவு தங்குவதே இல்லை என்று வைத்திருந்தார், 20 மைல், 30 மைல் தள்ளிப் பிரசங்கம் என்றாலும் குளிர்கால ராத்திரியில் திறந்த வண்டியில் போய்ப் பேசிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். இது தெரிந்த பிறகு யவீருவின் மகளைப் பற்றியும் பேதுருவின் மாமியைப் பற்றியும் அவர் எழுதிய பக்கங்களை வேறு மாதிரிதான் வாசிக்கத் தோன்றும். தன் துக்கத்தைப் பற்றி அங்கே ஒரு வரிகூட அவர் எழுதவில்லை.

இரண்டாவது பரிசுத்தம் (Holiness) என்ற புத்தகம், 1877, அப்புறம் 1879ல் கட்டுரைகள் சேர்த்துப் பெரிதாக்கியது. அவருடைய பெயர் இன்றைக்கும் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். இது பிறந்த சூழலைத் தெரிந்துகொண்டால் நம் ஊர் வாசகருக்கு உடனே பிடிபடும். 1870களில் இங்கிலாந்தில் ஒரு அலை அடித்தது. ராபர்ட் பியர்சால் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஆக்ஸ்போர்டிலும், 1875ல் பிரைட்டனிலும் பெரிய கூட்டங்கள் நடத்தினார், அதே வருஷம் அதே போதனையோடு கெஸ்விக் என்ற ஊரில் வருடாந்தரக் கூட்டங்களும் ஆரம்பித்தன. சாராம்சம் இது: நீ விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டது போலவே விசுவாசத்தினால் மட்டுமே பரிசுத்தமும் அடையலாம், போராடாதே, முழுசாக ஒப்புக்கொடுத்துவிடு, ஓய்ந்திரு, ஜெயம் தானாக வரும். கூட்டத்தில் கையைத் தூக்கி முன்னால் வந்தவர் அன்றைக்குத் தேவதூதன் மாதிரி வீட்டுக்குப் போவார், புதன்கிழமை கோபத்தில் மனைவியைத் திட்டிவிட்டு, ஐயோ நான் சரியாக ஒப்புக்கொடுக்கவில்லையோ என்று அடுத்த கூட்டத்துக்கு ஓடுவார். இந்தச் சுழல் நமக்குத் தெரியாததா?

ரைல் இதை எதிர்த்தார், ஆனால் சண்டைக்கோழி மாதிரி பாயவில்லை. முன்னுரையில் ஏழு கேள்விகள் கேட்கிறார், இப்படிப் பேசுவது ஞானமா, அப்படிப் பிரிப்பது வேதத்தில் இருக்கிறதா என்று, மரியாதையாக. அப்புறம் முதல் கட்டுரையைப் பாவம் என்ற தலைப்பில் தொடங்குகிறார். பரிசுத்தத்தைப் பற்றிச் சரியாக எண்ண விரும்புகிறவன் பாவத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அஸ்திபாரம் ஆழமாக இல்லாமல் மாடி கட்ட முடியாது என்கிறார். நீதிமானாக்கப்படுதலுக்கும் பரிசுத்தமாக்கப்படுதலுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அடுத்த கட்டுரையில் ஒன்றொன்றாகப் பிரித்து வைக்கிறார். முதலாவதில் நம்முடைய கிரியைக்கு இடமே இல்லை, கிறிஸ்து செய்து முடித்ததில் இளைப்பாற வேண்டியதுதான். இரண்டாவதில் நம் பிரயாசத்துக்கு இடம் உண்டு, விழித்திரு, ஜெபி, போராடு என்று தேவனே சொல்கிறார். இரண்டையும் குழப்பினால் முதலாவதின் சமாதானமும் போகும், இரண்டாவதின் வளர்ச்சியும் போகும்.

போராட்டம் என்ற கட்டுரையில் அவர் சொல்கிற ஒரு விஷயம் பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. உனக்குள்ளே சண்டை நடக்கிறதா, அப்படியானால் நீ கிறிஸ்தவன் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே, செத்த பிணத்துக்குள் சண்டை கிடையாது என்ற தொனியில் போகிறார். மெய்க்கிறிஸ்தவனை அவன் சமாதானத்தைக் கொண்டு அறியலாம், அவன் யுத்தத்தைக் கொண்டும் அறியலாம். அதேபோல நிச்சயத்தைப் பற்றிய கட்டுரை. இரட்சிப்பின் நிச்சயத்தை நாடு, அது உன் உரிமை என்று தூண்டிவிட்டு, அதே மூச்சில், அந்த நிச்சயம் இல்லாமலே ஒருவன் பரலோகம் சேர முடியும், விசுவாசம் வேர், நிச்சயம் பூ என்கிறார். பூக்காத செடியிலும் வேர் உண்டு. தன் இரட்சிப்பைப் பற்றி ராத்திரி தூங்காமல் புரளுகிற ஒருவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல கட்டுரை எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்குப் பிடித்தவை இந்தப் புத்தகத்தில் வருகிற ஆள்களைப் பற்றிய கட்டுரைகள். லோத்தைப் பற்றி ஒன்று. ஆதியாகமம் 19ல் 'அவன் தாமதித்துக்கொண்டிருக்கும்போது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். லோத்து நீதிமான்தான், வேதமே சொல்கிறது. ஆனால் தாமதித்தான். ஏன்? ஆரம்பத்தில் கண்ணால் பார்த்துச் செழிப்பான நிலத்தைத் தேர்ந்தெடுத்தான், அப்புறம் தேவையில்லாமல் அந்த ஊராரோடு கலந்தான். விளைவு? சோதோமுக்கு அவனால் ஒரு நன்மையும் இல்லை, சொந்தக் குடும்பத்துக்கும் இல்லை, சாகும்போது பின்னால் நல்ல அடையாளம் எதையும் விட்டுப் போகவில்லை. அடுத்தது, 'லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்' என்ற வசனத்தின் மேல். அவளுக்கு எத்தனை சிலாக்கியம், ஆபிரகாமின் குடும்பம், தேவதூதர் வந்து கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அங்கே ரைல் ஒரு பட்டியல் போடுகிறார்: யோவாப் தாவீதின் படைத்தலைவன். கேயாசி எலிசாவின் வேலைக்காரன். தேமா பவுலின் தோழன். யூதாஸ் காரியோத்து கிறிஸ்துவின் சீஷன். இவர்கள் எல்லாரும் தங்கள் பாவத்திலே செத்தார்கள். ஆணி அடிக்கிற மாதிரி. போதகரின் பிள்ளை, மிஷனரி பரம்பரை, நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் (நானும் அதில் ஒருவன்) இந்த ஒரு பத்தியைத் தாண்டுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி மனிதரைத்தான் சொன்னதாகும். ரைல் திரும்பத் திரும்பச் சொல்கிறவர். ஒரே மூச்சில் ஐந்து கட்டுரை படித்தால் சலிக்கும், எல்லாவற்றிலும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, கடைசியாக மனந்திரும்பாதவனுக்கு ஒரு வார்த்தை, தேடுகிறவனுக்கு ஒரு வார்த்தை, விசுவாசிக்கு ஒரு வார்த்தை. தனித்தனிக் கைப்பிரதிகளும் பிரசங்கங்களுமாக வந்தவற்றைத் தொகுத்ததால் இப்படி. ரோமன் கத்தோலிக்கம், ஆங்கிலிக்கன் சபைக்குள் கத்தோலிக்கச் சடங்குகளைத் திரும்பக் கொண்டுவர விரும்பிய சடங்காசாரக் கட்சி, இவற்றைப் பற்றி எழுதும்போது கை கடினமாகும். முடிச்சுகள் அவிழ்ந்தன என்ற தொகுப்பு பெரும்பாலும் அந்தக் கால இங்கிலாந்துத் திருச்சபையின் உள்வீட்டு வழக்கு. நம்மில் பலர் அதைத் தாண்டிப் போகலாம், நஷ்டமில்லை.

பேராயராக அவர் செய்தவற்றைப் பற்றியும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. 1880ல், 64 வயதில், புதிதாக உண்டான லிவர்பூல் திருமண்டலத்தின் முதல் பேராயர் (பிஷப்) ஆனார். தேர்தலில் தோற்றுப் பதவி இறங்கப்போன பிரதமர் டிஸ்ரேலி அவசரமாகச் செய்த நியமனம் அது, அடுத்து வரவிருந்த அவருடைய அரசியல் எதிரி கிளாட்ஸ்டன் பிறந்த ஊர் லிவர்பூல் என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிற குசும்பு. கதீட்ரல் கட்டுவதைவிடப் புதுச் சேகரங்களும் ஊழியர்களும்தான் முக்கியம் என்று அவர் வைத்த முன்னுரிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் பெல் காக்ஸ் என்ற சடங்காசாரக் குரு மேல் வந்த வழக்கைத் தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்கவில்லை, அந்தக் குரு 1887ல் கொஞ்ச நாள் சிறையில் இருக்க வேண்டியதாயிற்று. சட்டம் தன் வழியில் போகட்டும் என்பது ரைலின் நிலை. அவர் எழுத்தை நேசிக்கிற எனக்கும் அது நெருடல்தான். பெரிய தாடியோடு இருக்கிற அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம், அவருக்குப் பின் பேராயராக வந்த சவாஸ் அவரைக் குழந்தையின் இருதயம் கொண்ட கருங்கல் மனிதர் என்றார். புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் வேறு சபைக்காரர், பாப்திஸ்து, ஆங்கிலிக்கன் சபையை விளாசியவர். அவரே அந்தச் சபையிலுள்ள மிகச் சிறந்த மனிதர் என்று ரைலைச் சொன்னார்.

1900 மார்ச்சில் ஓய்வு பெற்று அதே ஜூனில் இறந்தார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். அவர் மகன் ஹெர்பர்ட் பிஷப்பாகவும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவாகவும் (டீன்) உயர்ந்தார், ஆனால் வேதத்தை ஆராய்கிற விதத்தில் அப்பாவின் பாதையில் போகவில்லை, காலமே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. திரும்பி வந்தது எப்படி? 1940களில் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த, பின்னாளில் பெயர்பெற்ற இறையியலாளரான ஜே. ஐ. பாக்கர், முன்னே சொன்ன அந்த ஒப்புக்கொடு, ஓய்ந்திரு போதனையில் சிக்கித் தவித்தபோது, பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன் (இங்கிலாந்துச் சபையைச் சீர்திருத்த முயன்றவர்கள்) போதகர் ஜான் ஓவனும் ரைலும் அவருக்குக் கைகொடுத்தார்கள். லண்டனில் போதகராக இருந்த மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் ஒரு பழைய புத்தகக் கடையில் பரிசுத்தம் நூலைத் தற்செயலாகக் கண்டெடுத்தவர், 1952ல் அது மறுபதிப்பு ஆனபோது முன்னுரை எழுதினார். அதன்பின் அச்சில் இல்லாமல் போகவே இல்லை. 75 வருஷம் கழித்து அதே நோய் மறுபடி வந்தபோது அதே மருந்து வேலை செய்திருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பரிசுத்தம் நூலில் ஆரம்பிக்காதீர்கள். பெயர் பெரிதென்று எல்லாரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள், பாவம் கட்டுரையின் நடுவில் நின்றுவிடுவார்கள். முதலில் ஜெபத்துக்கான அழைப்பு, ஒரு மாலை போதும். பிடித்திருந்தால் லூக்கா முதல் தொகுதி, தினம் ஒரு பகுதி, முடிந்தால் வீட்டில் யாரையாவது உட்காரவைத்துச் சத்தமாக. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே வருகிற குறிப்புகளை முதல் சுற்றில் தொட வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பரிசுத்தத்தை எடுங்கள், அதிலும் லோத்தின் மனைவியில் தொடங்கி, நிச்சயம், போராட்டம், அப்புறம் முதல் பக்கத்துக்கு வாருங்கள். இணையத்தில் கிடைக்கிற சுருக்கப் பதிப்புகளில் சிலர் திரும்பச் சொல்லும் வரிகளை வெட்டி நவீனமாக்கியிருக்கிறார்கள். முழுசாக உள்ளதையே தேடுங்கள், காப்புரிமை எப்போதோ முடிந்ததால் இலவசமாகவே கிடைக்கும்.

மொழிபெயர்க்கவும் ஆசை என்று கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ட்ராட்புரோக் ஆலயத்துப் பிரசங்க பீடத்தில் பவுலின் ஒரு வசனத்தைச் செதுக்கவைத்த ரைல், அதிலுள்ள மறுப்புச் சொல்லின் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார். நம் வேதாகமத்தில் அந்த வசனம் 'சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ'. கோடு போடத் தனிச்சொல்லே இல்லை, மறுப்பு வினைக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. ரைலைத் தமிழாக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் இந்தச் சிக்கல் வரும், அவர் குட்டையாகத் தட்டுகிற இடத்தில் நம் மொழி எச்சங்களை நீட்டிக்கொண்டு போகும். 'ஜெபத்தைப் பற்றி வாசகர்கள் சிந்திக்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்புகிறார்' என்று உங்கள் கை எழுதப் போகும். நிறுத்திவிட்டு, "நீ ஜெபிக்கிறாயா?" என்று எழுதுங்கள்.